தாய்ப்பாலும் தாயைச் சூழ்ந்தோரும்

(ஆண்டு விழா மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

மாதர் அரங்கில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். காப்பியங்களில் பெண்மை பற்றியும், ஆழ்வார் பாசுரங்களின் சுவை பற்றியும் இம்மேடையில் அறிஞர் பலர் முன்னரே பேசியுள்ளனர். நான் அவர்களைப் போலக் கற்றவள் அல்லேன். மகப்பேற்று விடுதிகளில் செவிலியாகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவள். தனக்குத் தெரிந்ததைப் பேசுதலே முறை என்று கருதி, ஒரு பொருளைத் தெரிந்துகொண்டேன். ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தன் பாலைக் கொடுக்கத் தொடங்குவதற்கும், தொடங்கியதை இடையில் விட்டுவிடாமல் நடத்துவதற்கும் எவை துணை நிற்கின்றன, எவை குறுக்கே நிற்கின்றன என்பதே அப்பொருள்.

தமிழ் வளர்க்கும் சங்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். நம் குடியிருப்பில் வளரும் பிள்ளைகள் தெருவில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் அவர்கட்கு மடியில் கிடைக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே தாய் பேசும் கொஞ்சு மொழியும், கண் செருகும் வேளையில் அவள் பாடும் தாலாட்டுமே அவர்களின் முதற்பாடம். பாலும் மொழியும் ஒரே மடியில் கிடைக்கும் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவது நம் சங்கத்தின் பணிக்குப் புறம்பானது ஆகாது என்று நம்புகிறேன்.

நாம் வாழும் இந்நிலப் பகுதியின் இயல்பையும் முதலில் நினைவு கூர்தல் வேண்டும். வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரல் திங்களில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு மாறினாலும், வேலூருக்கும் சித்தூருக்கும், திருத்தணிக்கும் திருப்பதிக்கும் இடையே பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் நின்றபாடில்லை. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு இங்குத் திரும்புகிறாள். ஆகவே நம் குடும்பங்களில் பாலூட்டல் என்பது இரண்டு வீடுகளில் நடக்கும் செயல். தொடக்கம் ஓர் ஊரில். தொடர்ச்சி வேறோர் ஊரில். தொடங்கச் செய்பவர் சிலர். தொடரச் செய்பவர் வேறு சிலர். இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தால்தான் உண்மை புலப்படும்.

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குக; முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும், நீரும்கூடக் கொடாதிருக்க; ஆறு மாதம் நிறைந்தபின் வீட்டு உணவையும் ஊட்டிக்கொண்டு, இரண்டு ஆண்டு வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடர்க. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் கூறும் அறிவுரை இதுவே. ஆறு மாதம் என்ற எல்லை நமக்குப் புதிதன்று. அந்த அளவில் சோறூட்டும் சடங்கை நம் முன்னோர் வைத்திருக்கின்றனர். உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. எங்கும் ஏறத்தாழ முழுமையாகத் தாய்ப்பால் வழங்கப்படுமாயின் ஆண்டுதோறும் 8 லட்சத்து 23 ஆயிரம் குழந்தைகளின் உயிரைக் காக்கலாம். மார்பகப் புற்றுநோயால் மடியும் பெண்களில் 20 ஆயிரம் பேரையும் காக்கலாம் என்பது அக்கணக்கு. பிள்ளைக்கு ஊட்டுவதால் தாய்க்கும் காப்பு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

தாய்ப்பால் நல்லது என்பதை அறியாதவர் இன்று எவரும் இலர். ஆயினும் நடப்பது என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். நம் நாட்டில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 41.8 பேரே. ஆறு மாதத்திற்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நூற்றுக்கு 63.7 பேர். அறிவும் மருத்துவமனையும் மட்டுமே போதுமானவையாயின் இந்த எண்கள் இவ்வாறு இரா. விருப்பத்திற்கும் செயலுக்கும் நடுவே ஏதோ ஒன்று நுழைந்துவிடுகிறது. அது என்ன என்பதையே காண வேண்டும்.

முதலில் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

பால் கொடுக்க விருப்பமில்லாத தாயை என் பணிக்காலத்தில் நான் கண்டது மிக அரிது. விருப்பம் கருவுற்றிருக்கும் போதே உண்டாகிவிடுகிறது. அவ்விருப்பம் நிறைவேறுவது, பிறந்த பிள்ளையை முதல் ஒரு மணி நேரத்தில் யாரிடம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிறந்த உடனே துடைத்துத் தாயின் மார்பின்மேல் உடலோடு உடல் படக் கிடத்தினால், பிள்ளை தானே தலையை அசைத்து நகர்ந்து மார்பைத் தேடிப் பற்றிக்கொள்ளும். சுவீடன் நாட்டு மருத்துவர்கள் இதனைக் கண்டு 1990-இல் எழுதினர். பிள்ளையை எடை போடுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் அவசரமாகப் பிரித்தெடுத்த இடங்களில் இவ்வியல்பு தடைப்பட்டதையும் அவர்கள் கண்டனர். பிறந்தவுடன் விழிப்போடிருக்கும் பிள்ளை, சிறிது நேரத்தில் நெடுந்தூக்கத்தில் ஆழ்ந்துவிடும். அந்த விழிப்பு வேளையை இழந்தால், பின்னர்ப் பழக்குவது கடினம்.

இங்கே சிசேரியன் பற்றி ஒரு சொல். அதே ஐந்தாவது ஆய்வின்படி இந்தியா முழுவதும் நூற்றுக்கு 21.5 பிள்ளைகள் அறுவையின் வழியே பிறக்கின்றன. ஆந்திரப் பிரதேசத்திலோ அது நூற்றுக்கு 42.4, தமிழ்நாட்டில் 44.9. நாம் பெண்ணை எந்த ஊருக்கு அனுப்பினாலும், ஏறத்தாழ ஐந்து பேரில் இருவர் அறுவைக்குப் பின்னரே பிள்ளையைக் காண்கின்றனர். வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் தாயால் தானே புரண்டு பிள்ளையை எடுக்க இயலாது. மயக்க மருந்து உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் மரக்கச் செய்திருந்தால் அவள் விழித்தே இருப்பாள். அப்போதே பிள்ளையை மார்பருகே கிடத்தலாம். முழு மயக்கமாயின் தெளிந்த உடனே கொடுக்கலாம். பக்கவாட்டில் படுத்தும், பிள்ளையைத் தாயின் அக்குளின்கீழ்த் தலையணைமேல் வைத்தும் பால் கொடுக்கலாம், தையலில் படாது. இதற்கு வேண்டியது மருந்தன்று. அருகில் இருந்து தாங்கிப் பிடிக்கும் இரண்டு கைகள். அக்கைகள் இல்லாத இடத்தில்தான் 'இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பால்மாவு கொடுப்போம்' என்ற பேச்சு எழுகிறது.

அடுத்தது நம் வீட்டு வழக்கம். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைத்தல் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். குடும்பத்தில் நற்குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரை நீரோ தேனோ தொட்டு நாவில் வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. கழுதைப்பால் தேடி ஊற்றுவோரும் உண்டு. பெரியோரின் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேனில் பச்சிளம் பிள்ளைக்குக் கேடு செய்யும் நுண்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது என்று மருத்துவர் கூறுகின்றனர். பெரியவர் தம் கையால் பிள்ளையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்க்கட்டும்; தாய்ப்பாலையே சேனையாகக் கொள்ளட்டும். குணமும் வரும், நலமும் வரும்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பால் மஞ்சள் நிறமாய், குழம்பு போல், சிறிதளவே வரும். தெலுங்கு பேசும் நம் அண்டை வீட்டார் அதனை முர்ருப்பாலு என்பர். 'பழம்பால், பிள்ளைக்கு ஆகாது' என்று பிழிந்து கொட்டச் சொல்லும் பாட்டிமார் இரு மொழியிலும் இருந்தனர். பசு ஈன்றால் அதன் சீம்பாலை நாம் என்ன செய்கிறோம்? வெல்லமும் ஏலமும் இட்டு வேகவைத்து, சித்தூரிலும் திருப்பதியிலும் 'ஜுன்னு' என்று சொல்லி, அண்டை அயலாருக்கெல்லாம் கொடுத்து மகிழ்ந்து உண்கிறோம். கன்றுக்கு உரிய சீம்பால் நமக்கு அமுதம். நம் பிள்ளைக்கு உரிய சீம்பால் மட்டும் தீதாயிற்று! நோய் தடுக்கும் ஆற்றல் நிறைந்த அந்தச் சிறிதளவே பிள்ளையின் சிறு வயிற்றுக்குப் போதுமானது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிறந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. முதல் நாள் கழிந்த பின்னரே தாய்ப்பால் பெற்ற பிள்ளைகளிடையே முதல் மாத இறப்பு கூடுதலாக இருந்ததை அது காட்டியது. ஒரு நாள்தானே என்று சொல்வதற்கில்லை.

இனித் தொடர்ச்சிக்கு வருவோம். தொடங்கிய தாய் ஏன் விடுகிறாள்?

எந்த நாட்டில் கேட்டாலும் தாய்மார் முதலிற் கூறும் காரணம் ஒன்றே: 'பால் போதவில்லை.' உண்மையில் பால் சுரப்பே குறைந்த தாய்மார் சிலரே. போதவில்லை என்ற எண்ணம் பிறக்கும் விதம் வேறு. பிள்ளை அழுகிறது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், 'பாவம், வயிறு நிறையவில்லை போலும்' என்கிறார். அன்றிரவு ஒரு புட்டி பால்மாவு கரைக்கப்படுகிறது. பிள்ளை நெடுநேரம் உறங்குகிறது. சொன்னவர் சொல் மெய்யானது போல் தோன்றுகிறது. ஆனால் அன்றிரவு பிள்ளை மார்பைச் சப்பவில்லை. ஆகவே மறுநாள் பால் குறைகிறது. மறுநாள் இரண்டு புட்டி. ஒரு திங்களில் மார்பு வற்றிவிடுகிறது.

இதன் காரணம் எளியது. பிள்ளை சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து இரண்டு சுரப்பு நீர்கள் குருதியில் கலக்கின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் உண்டான பாலை இறக்கிவிடுகிறது. எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவு ஊறும். 'இறைக்கிற கிணறுதான் ஊறும்' என்று நாம் சொல்வது இங்கு முழுதும் பொருந்தும். இரவில் புரோலாக்டின் மிகுதியாகச் சுரப்பதால் இரவுப் பாலை நிறுத்துவது ஊற்றுக்கண்ணை அடைப்பதாகும்.

ஆக்ஸிடோசினுக்கு மற்றோர் இயல்பு உண்டு. தாயின் மனம் கலங்கினால் அது தடைப்படும். அமெரிக்காவைச் சேர்ந்த நியூட்டன் தம்பதியர் 1948-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். பால் கொடுக்கும் வேளையில் தாய்க்கு வேண்டுமென்றே தொல்லைகள் தரப்பட்டன. பிள்ளைக்குக் கிடைத்த பால் குறைந்தது. சுரப்பு நீரை ஊசி மூலம் செலுத்தியதும் பால் மீண்டும் இறங்கியது. பால் இல்லாமற் போகவில்லை. இருந்த பால் இறங்கவில்லை! நினைத்துப் பாருங்கள். 'உனக்குப் பாலே இல்லை' என்று நாள்தோறும் ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தால், அச்சொல்லே பாலை நிறுத்தும் ஆற்றல் பெற்றுவிடுகிறது. நாவினாற் செய்யும் தீமையை மருந்தினால் மாற்றுவது அரிது.

அப்படியாயின் பால் போதுகிறதா என்பதை அறிவது எப்படி? அழுகையைக் கொண்டு அறிதல் இயலாது. பிள்ளை தனிமையாலும் அழும், வெப்பத்தாலும் அழும், மாலை வேளைகளில் காரணமின்றியும் அழும். பிறந்த முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்தால் போதிய பால் கிடைக்கிறது என்று கொள்ளலாம். முதல் சில நாட்களில் பிள்ளையின் எடை சிறிது குறைவது இயல்பு. இரண்டு வாரத்தில் பிறந்த எடையை எட்டிப் பிடித்து, பின்னர் மாதந்தோறும் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏறி வந்தால் கவலை வேண்டா. அங்கன்வாடியில் எடை பார்க்கும் கருவி உண்டு. உறவினரின் கண் அளவைவிட அது நம்பத்தக்கது.

நம் ஊர்க் கோடையைப் பற்றியும் கூற வேண்டும். சித்திரை வைகாசியில் திருப்பதி வெயிலில் பெரியவர் நாவே வறள்கிறது. பிள்ளைக்கு ஒரு சங்கு தண்ணீராவது கொடுக்க வேண்டாமா என்று கேட்பர். தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீரே. அடிக்கடி கொடுத்தால் தாகமும் தணியும், பசியும் ஆறும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு. ஆனால் நம் வீடுகளில் பிள்ளைக்குத் தண்ணீர் ஊட்டிவிட்டுத் தாய்க்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கின்றனர்! பூண்டுக் குழம்பும், முருங்கைக் கீரையும், சுறாப்புட்டும் தாராளமாகக் கொடுங்கள். அவை நல்ல உணவு. அவற்றோடு பருப்பும், காயும், பழமும், வேண்டிய மட்டும் நீரும் கொடுங்கள். பாலைப் பெருக்குவது பிள்ளையின் வாய் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இரண்டாவது காரணம் வலி. காம்பு வெடித்துப் புண்ணாகி, பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்கும் பெண்கள் பலர். பிள்ளை காம்பை மட்டும் பற்றினால் புண்ணாகும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகுமாறு பற்றினால் வலி இராது. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது கடினம். பக்கத்தில் அமர்ந்து ஒருவர் காட்டினால் கால் மணி நேரத்தில் கைவந்துவிடும். முன்னாளில் கூட்டுக் குடும்பத்தில் அத்தையும் சிற்றன்னையும் காட்டினர். இன்று இக்குடியிருப்பின் இரண்டறை வீட்டில், கணவன் வேலைக்குப் போன பின்னர், கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே இருக்கும் பெண்ணுக்குக் காட்டுவோர் யார்?

பக்கத்தில் அமரும் அந்த ஒருவரின் ஆற்றல் எத்தகையது என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுகிறேன். அரியானா மாநிலத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. புதிதாக மருத்துவமனை எதுவும் கட்டப்படவில்லை. ஊரில் முன்னமே இருந்த மருத்துவச்சியர்க்கும், அங்கன்வாடிப் பணியாளர்க்கும், செவிலியர்க்கும் தாய்மாரிடம் பேசி வழிகாட்டும் பயிற்சி அளித்தனர். மூன்றாம் மாதத்தில், அவ்வூர்களில் நூற்றுக்கு 79 பிள்ளைகள் தாய்ப்பால் மட்டுமே பெற்றன. பயிற்சி இல்லாத ஊர்களில் நூற்றுக்கு 48. வயிற்றுப்போக்கும் அவ்வூர்களில் குறைந்தது. வங்காள தேசத்தின் டாக்காவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கு வழிகாட்டியோர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். அண்டை வீட்டுத் தாய்மாரே. பயிற்சி பெற்று, கருவுற்ற காலம் முதல் ஐந்தாம் மாதம் வரை 15 முறை வீடு தேடிச் சென்றனர். ஐந்தாம் மாதத்தில் அவர்கள் சென்ற வீடுகளில் நூற்றுக்கு 70 பேர் தாய்ப்பால் மட்டும் கொடுத்தனர். செல்லாத வீடுகளில் நூற்றுக்கு 6 பேரே.

மூன்றாவது காரணம் வேலை. திருப்பதியின் அலுவலகங்களிலும், பள்ளிகளிலும், சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைகளிலும் நம் பெண்கள் பலர் பணி செய்கின்றனர். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரு பிள்ளைகட்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு வழங்கியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்குச் சென்று வரலாம். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கென நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்வுரிமைகள் இடம் பெற்றுள்ளன. 26 வாரம் என்பது ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலமும் அதுவே. ஆனால் உரிமையை அறியாதவள் கேட்கமாட்டாள். ஒப்பந்தக் கூலியாகவும், வீட்டு வேலைக்காரியாகவும், கடையில் நிற்பவளாகவும் உள்ள பெண்ணுக்கு இவ்வுரிமை கைக்கு எட்டுவதில்லை. நம் வீடுகளிலே வேலை செய்யும் பெண்கள் அவர்களுள் அடங்குவர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலைக்குச் செல்லும் தாய், தூய கைகளால் பாலைப் பீய்ச்சித் தூய பாத்திரத்தில் மூடி வைக்கலாம். 25 டிகிரி அளவான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. நம் கோடை அதற்கு இடம் தராது. குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்குள் கொடுத்துவிடுவது நன்று. புட்டியும் ரப்பர் காம்பும் வேண்டா. நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கும் பாலாடையும் போதும். கழுவுவது எளிது, பிள்ளைக்குக் காம்புக் குழப்பமும் நேராது. குறைமாதப் பிள்ளைகட்கு இன்று குழந்தை மருத்துவர்களே பாலாடையைப் பயன்படுத்துகின்றனர் என்பது நமக்குப் பெருமை.

நான்காவது காரணம் வாணிகம். 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு ஓர் உரை ஆற்றினார். சர்க்கரையிட்ட டப்பாப் பாலைப் பிள்ளைக்கு உகந்தது என்று விற்ற வணிகத்தால் மலாயாவில் ஏழைக் குழந்தைகள் மடிவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். நாற்பது ஆண்டுகட்குப் பின்னர், 1981-இல், உலக சுகாதாரப் பேரவை இவ்வாணிகத்திற்கு நெறிமுறை வகுத்தது. நம் நாடு 1992-இல் தனிச் சட்டம் இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கியது. பால்மாவையும், புட்டியையும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகட்கான டப்பா உணவையும் விளம்பரம் செய்தல் குற்றம். தாய்மார்க்கு இலவசமாக மாதிரி கொடுத்தலும், மருத்துவப் பணியாளர்க்குப் பரிசு கொடுத்தலும் குற்றம். டப்பாவின்மேல் குழந்தையின் படம் போடுதலும் கூடாது. தமிழர் பலர் வாழும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் கூட்டமைப்பு, 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தைத் தாய்ப்பால் வாரமாக நடத்தி வருகிறது. சட்டம் விளம்பரத்தை நிறுத்தலாம். நாமே கொடுக்கும் விளம்பரத்தை எது நிறுத்தும்? தொட்டில் விழாவுக்குப் புட்டியும் பால்மாவு டப்பாவும் அழகிய கூடையில் வைத்துப் பரிசளிப்பது இக்குடியிருப்பிலும் நடக்கிறதே!

ஐந்தாவது காரணம் இடம். வெளியே செல்லும் தாய்க்கு ஒதுங்கி அமர ஓர் இடமில்லையாயின், வெளியே புறப்படும் போதே புட்டியை எடுத்து வைக்கிறாள். தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. திருமலையில் கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் நெடுவரிசையில் வாடாதிருக்கத் தனி வழி விடும் வழக்கத்தைத் தேவஸ்தானம் வைத்திருக்கிறது. இவ்விழா மண்டபத்தைச் சற்றுப் பாருங்கள். மேடைக்கு விளக்கு உண்டு. விருந்துக்குக் கூடம் உண்டு. பசித்தழும் பிள்ளையோடு வந்த தாய்மார் இருவர், சற்று முன்னர்ப் படிக்கட்டின் கீழ் ஒதுங்கி அமர்ந்திருந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அன்பர்களே! இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பால் தாயின் மார்பில் ஊறுகிறது. ஆனால் அது நிற்பதும் நடப்பதும் அவளைச் சூழ்ந்தோர் கையில் இருக்கிறது. மருத்துவமனையின் முதல் ஒரு மணி நேரம், மாமியாரின் ஒரு சொல், கணவன் இரவில் எழுந்து பிள்ளையை எடுத்துக் கொடுக்கும் ஓர் உதவி, முதலாளியின் ஓர் இடைவேளை, ஊரார் ஒதுக்கும் ஓர் அறை ஆகிய இவையே ஒரு தாயைத் தொடங்கச் செய்கின்றன, தொடரவும் செய்கின்றன. எனவே பால் நின்றுபோன ஒரு பெண்ணைக் கண்டு 'ஏன் விட்டாய்?' என்று கேட்பது முறையாகாது. 'நாங்கள் எங்கே இருந்தோம்?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சில தாய்மார்க்கு நோயாலோ, உட்கொள்ளும் மருந்தாலோ, வேறு காரணத்தாலோ பால் கொடுக்க இயலாமற் போகும். அவர்கள் மருத்துவர் கூறும் வழியிற் பிள்ளையை வளர்க்கட்டும். பிற தாய்மாரின் பாலைப் பெற்றுப் பதப்படுத்தி வழங்கும் தாய்ப்பால் வங்கி நம் நாட்டில் 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் முதன்முதலாகத் தொடங்கியது. அதன் பின்னர்ப் பல ஊர்களில் பரவியுள்ளது. இயலாத தாயைக் குற்றவாளி போல் நடத்துவது இரட்டைக் கொடுமை. தாய்மை பாலளவால் அளக்கப்படுவதன்று.

நம் சங்கத்துக்கு நான்கு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, பாலூட்டி வளர்த்த அனுபவமுள்ள தாய்மார் ஆறு பேரை நம் மாதர் அணியிலிருந்து தெரிந்தெடுங்கள். அரசு மகப்பேற்று மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முறையாகக் கற்றுக்கொண்டு, இக்குடியிருப்பில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் அவர்கள் வீடு தேடிச் சென்று காணட்டும். தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பும் வாரத்தில் தவறாது செல்லட்டும். அந்த வாரத்தில்தான் பழகிய கைகளை விட்டுப் பெண் இங்குத் தனித்து வருகிறாள். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் அழுகைக்கு மொழி வேற்றுமை இல்லை.

இரண்டாவது, அடுத்த ஆண்டு விழா முதல் மண்டபத்தில் ஓர் அறை, திரையும் நாற்காலியும் குடிநீருமாகத் தாய்மார்க்கென ஒதுக்குங்கள்.

மூன்றாவது, தொட்டில் விழாவுக்குப் புட்டி கொடுப்பதை விட்டு, ஒரு வெள்ளிப் பாலாடையோ சங்கோ கொடுங்கள். வசதி இல்லாதோர் ஒரு வார காலத்துக்குச் சமைத்த உணவை அவ்வீட்டுக்கு அனுப்புங்கள். தாய்க்குக் கிடைக்கும் ஒரு மணி நேர ஓய்வைவிடச் சிறந்த பரிசு வேறில்லை.

நான்காவது, இளைஞர்களே, இது உங்களுக்கு. இவ்வுரையைப் பெண்களுக்கு உரியதென்று கருதி எழுந்து போகாமல் இருந்தமைக்கு நன்றி. பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், தோளிற் சாய்த்து ஏப்பம் விடச் செய்வதும் ஆண்மைக்கு இழுக்காகா. 'உனக்குப் பால் போதும். நான் இருக்கிறேன்' என்று கணவன் ஒருவன் தன் மனைவியிடம் சொல்லும் சொல், மருந்துக் கடையில் விற்கும் எந்தச் சத்துமாவினும் மேலானது.

நம் மக்கள் இந்நிலத்தில் நலமாய் வளர வேண்டும். தமிழும் அவர்கள் நாவில் வளர வேண்டும். இரண்டும் தொடங்கும் இடம் தாயின் மடி. அம்மடியில் அமைதி நிலவச் செய்வது நம் அனைவரின் கடமை.

வாழ்க தாய்மை! வளர்க தமிழ்!